அணையாம பாத்துக்குங்க

அத்தியாயம் பதினெட்டு

போன வாரம் இந்த வீட்டைக் குளியலறைக் குழாயோடு விட்டுவிட்டு வந்தோம். குழாயை மூடியாகிவிட்டது, தண்ணீரும் வடிந்துவிட்டது. கீழ்வீட்டுத் தையற்காரரின் கூரையில் ஊறிய கறைதான் மூன்று வாரமாகியும் காயவில்லை. அவர் அதைப் போவோர் வருவோருக்கெல்லாம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

குழாயைத் திறந்துபோட்டது யார் என்று மகனோ மருமகளோ விசாரிக்கவில்லை. பெரியவர்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கால் கழுவிவிட்டு நடக்கப் போனவர், நான்கு மணிக்குத் திரும்பியபோது மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

பெரியவர் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் தெருவில் அவருக்கு டைம்கீப்பர் என்றுதான் பெயர்.

"நான் மூடினேன்" என்று முதல் நாள் அடித்துச் சொன்னார். மறுநாள், "மூடினதாத்தான் ஞாபகம்" என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மூடிய குழாயை மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். ஊரே சந்தேகப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். தன்னைத் தானே நம்ப முடியாமல் போனதுதான் அவருக்குக் கேவலமாக இருந்தது.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே இருக்கிற முதியோர் இல்லத்தின் படிவம் ஒன்று மேஜை இழுப்பறையில், எல்லாம் நிரப்பி, கையெழுத்து மட்டும் பாக்கியாக இருந்தது. டாக்டர் 'ஆமாம், மறதிதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையெழுத்தும் விழுந்துவிடும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சுவர் மெல்லிசு, அவ்வளவுதான்.

இன்று செவ்வாய்.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்க."

மருமகள் கைப்பையை மாட்டிக்கொண்டு நடு அறையில் நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஊசி குத்துகிற மாதிரியே பேசுவாள், சுருக்கமாக, வலிக்கிறதா என்று கேட்காமல். அவள் எதிரே மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு காலத்தில் மகன் ஆபீஸ் வேலைக்கு வாங்கிப் போட்டது.

"இது ஒரு ஆராய்ச்சிக்கு ஒழைச்சிட்டிருக்கு மாமா."

"இதுவா? இது தூங்கிட்டில்ல இருக்கு."

"பெரிய கணக்கு ஒண்ணு. ஒரே எடத்துல போட்டா முடியவே முடியாது. அதனால துண்டு துண்டாக்கி, ஊர் உலகத்துல இருக்கிற வீட்டு கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு அனுப்பறாங்க. நமக்குத் தேவைப்படாத சக்திய நாம தானமா குடுக்கறோம். எங்க லேப்ல பதினோரு பேர் குடுக்கறோம்."

"ரத்த தானம் மாதிரி."

"அதே மாதிரிதான்."

"என்ன ஆராய்ச்சி?"

மருமகள் ஒரு நொடி தயங்கினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"மூளையில ஒரு புரதம் தப்பா மடிஞ்சுபோகுது. ஏன் அப்படி மடியுதுன்னு பாக்கறாங்க. மறதி நோய்க்கு."

டைம்கீப்பர் தலையை மட்டும் ஆட்டினார். மருந்து தேட ஆரம்பித்துவிட்டாள் என்றால், நோயாளி யார் என்று முடிவு கட்டிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?  வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"தொண்ணூத்தொரு சதவீதம் முடிஞ்சிருக்கு. இன்னும் நாலு மணி நேர வேலைதான். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிஞ்சு போய்ச் சேரணும். இல்லன்னா இத்தன நாள் செஞ்சது வீண். அந்தத் துண்ட வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணுமே செய்ய வேணாம். அணையாம மட்டும் பாத்துக்குங்க. போன ஞாயித்துக்கிழமை கரண்ட் வீணாகுதேன்னு நீங்க சுவிட்ச அணைச்சீங்களே, அந்த மாதிரி ஆயிடக்கூடாது. இது எப்படின்னா மாமா, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதுதான்..."

சும்மா! அந்த வார்த்தை அவருக்கு எங்கே போய்ச் சுட்டது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. போன வாரம் மகன் யாரிடமோ ஃபோனில் பேசினான். 'அப்பா வீட்ல சும்மாதான் இருக்கார்.' முப்பத்தொரு வருஷம் ஒரு நிமிஷம் பிசகாமல் உழைத்த மனிதனைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது?

"புரிஞ்சுதும்மா. நீ கிளம்பு. உன் பஸ் எட்டு முப்பத்தஞ்சு. இப்ப எட்டு இருபத்தாறு."

"இல்ல மாமா, ஒரு நிமிஷம், அது சும்மா இருக்கும்போது..."

"புரிஞ்சுதுன்னு சொன்னேனே. அணையாம பாத்துக்கணும். எனக்குப் பாடம் எடுக்க வேணாம்."

மருமகள் பாதி வாக்கியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு படி இறங்கினாள். "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று கீழே இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

நம்பி! மூன்று வாரத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் யாரோ அவரை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மவுஸைத் தள்ளி வைத்து, அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு, எட்டு நாற்பதுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

எட்டு ஐம்பதுக்குத் திரை அணைந்தது.

சொல்லி வைத்தாற்போல அணைந்தது. கூடவே மேஜைக்கடியில் இருந்த பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே காற்றாடி மூச்சு வாங்குகிற சத்தம். டைம்கீப்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்ந்து பத்து நிமிஷம்தான் ஆகிறது, அதற்குள் போச்சா?

மகன் எப்போதோ செய்தது நினைவுக்கு வந்தது. மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டு ஆட்டினார். திரை பளிச்சென்று வந்தது. உறுமலும் அடங்கிவிட்டது.

"அப்பாடா" என்றார் வாய்விட்டு. நோட்டில் முதல் வரி விழுந்தது: 8.50. அணைந்தது. ஆட்டினேன். வந்தது.

ஒன்பது மணிக்கு மறுபடி அணைந்தது. ஆட்டினார். ஒன்பது பத்துக்கு மறுபடி. இந்தச் சனியனுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உயிர் போகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு டைம்கீப்பருக்கு மூன்று தடவை போதாதா? அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எழுந்திருக்க வேண்டுமென்றால் மவுஸை ஆட்டிய கையோடு எழுந்திருப்பார். பாத்ரூமுக்கு நான்கு நிமிஷம். தண்ணீர் குடிக்க இரண்டு நிமிஷம். பத்தரைக்குத் தையற்காரர் கூரைக் கதையைப் புதுப்பிக்க மேலே வந்தார்.

"சார், இன்னிக்கும் ஒரு சொட்டு விழுந்துச்சு..."

"சீக்கிரம் சொல்லு. எனக்கு இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு."

தையற்காரர் பயந்துபோனார். ஆறு நிமிஷம்தான் இருக்கு என்று ஒரு வயதான மனிதர் சொன்னால் என்னவென்று எடுத்துக்கொள்வது? "உடம்ப பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிவிட்டார். கூரையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு மருமகளின் ஃபோன் வந்தது. பின்னணியில் ரத்த மாதிரிக் குப்பிகளைச் சுழற்றுகிற இயந்திரத்தின் ரீங்காரம்.

"மாமா, ஓடுதா?"

"ஓடுது. அணையவே விடல."

"நல்லது மாமா. ரொம்ப தேங்க்ஸ்."

இரண்டு பேருமே உண்மையைத்தான் பேசினார்கள். இரண்டு பேருக்குமே சந்தோஷம்தான். சாப்பாட்டுத் தட்டையும் மேஜைக்கே கொண்டுவந்து, இடது கையை மவுஸ் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டு முடித்தார்.

இரண்டு மணிக்கு நடக்கப் போகிற வழக்கம். இன்று போகவில்லை. எப்படிப் போவது? 2.10 என்று முப்பத்துமூன்றாவது வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், வாசல் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

மகன் உள்ளே வந்தான். பம்பு செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. காலையில் எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு. அப்பாவை நாற்காலியில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"நடக்கப் போகலையா?"

"நீ என்னடா இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"இல்ல. ஒரு பேப்பர் எடுக்கணும்."

நேராக இரும்பு அலமாரிக்குப் போனான். பூட்டைத் திறந்த விதத்தைப் பார்த்தால், அந்த அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று அண்மையில் பலமுறை திறந்து பார்த்தவன் மாதிரி இருந்தது. கையில் எடுத்தது பள்ளி, கல்லூரிச் சான்றிதழ் வைத்திருக்கிற ஃபைல்.

வேலையில் இருக்கிறவனுக்கு வேலை நாளில் மத்தியானம் எதற்குச் சான்றிதழ்? டிப்போவில் டிரைவர்களின் முகத்தைப் பார்த்தே வண்டி எங்கே நின்று வந்தது என்று சொல்கிறவருக்கு இது என்ன கம்பசூத்திரமா?

"எத்தன நாளாச்சு?" என்றார்.

 மகன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். பெரியவரும் பின்னாலேயே போனார்.

"ஒரு மாசம் ஆகப்போகுதுப்பா. எங்க பிரிவயே மூடிட்டாங்க. ஒம்போது பேர்."

"தெனமும் பையத் தூக்கிட்டு எங்கடா போற?"

"லைப்ரரி. இல்லன்னா ஸ்டேஷன். மத்தியானம் நீங்க நடக்கப் போற நேரத்துல சில நாள் இங்க வந்து படுத்துட்டு, நாலு மணிக்குள்ள கிளம்பிடுவேன்."

பெரியவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பெண்டாட்டிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா மேல்படிப்புக்குச் சேரமாட்டாப்பா. இன்னும் பத்து நாள்ல கிளாஸ் ஆரம்பிக்குது. ரெண்டு வருஷமா காத்திருந்து கெடச்ச எடம். என் வேலைய நம்பித்தான் அவ வேலைய விடறா. நான் இப்ப வாயத் திறந்தா, அந்த எடத்த வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவா. அவ அப்படித்தான்."

உண்மைதான். அவள் அப்படித்தான் செய்வாள். பெரியவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவர் மனம் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம், இரண்டு மணி, தான் நடக்கப் போன நேரம்.

"அந்தத் தண்ணி வந்த அன்னிக்கும் வந்தியா?"

மகன் சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள், குழந்தை மாதிரி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு ஒரு இண்டர்வியூ. குளிக்கலாம்னு குழாயத் திறந்தேன், தண்ணி வரல. நேரமாச்சுன்னு அப்படியே கிளம்பிட்டேன். அப்புறம் தண்ணி வந்திருக்கு... நான்தான்ப்பா. நீங்க இல்ல."

பெரியவருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். வெட்கமில்லாத, குதிக்கலாம் போன்ற சந்தோஷம். நான் மூடினேன்! என் மூளைக்கு ஒன்றும் இல்லை! மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்தபோது நன்றாகவே வந்தது.

"பாவி. மூணு வாரமா என்னப் பைத்தியக்காரனா அலைய விட்டியேடா! ஒவ்வொரு குழாயா தொட்டுப் பாத்துட்டுத் திரிஞ்சேனே, கண்ணுல பட்டுச்சா இல்லையா?"

"பட்டுச்சு."

"அதப் பாத்துட்டும் டாக்டர்கிட்ட நேரம் வாங்கின."

"வாங்கினது அவ. வேணாம்னு எனக்குச் சொல்ல முடியல. சொன்னா ஏன்னு கேப்பா."

அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. டீ போட்டார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் நானே சொல்லிடறேன்ப்பா. வேலை, குழாய், ரெண்டையும். நீங்க அதுவரைக்கும் எதுவும் சொல்லிடாதீங்க. என் வாயால வரணும்."

அது நியாயமாகத்தான் பட்டது. "நீ சொல்ற வரைக்கும் நான் வாயத் திறக்கமாட்டேன்" என்றார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் அவருக்கு.

மகன் ஃபைலைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், நடு அறையிலிருந்து உறுமல்.  ஓடினார். திரை இருட்டாக இருந்தது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. பதறிப்போய் மவுஸை ஆட்டினார். திரை வந்துவிட்டது. கடிகாரம் மூன்று மணி இரண்டு நிமிஷம் காட்டியது.

நோட்டைப் பார்த்தார். 2.10க்குக் கீழே வெள்ளையாக இருந்தது. மருமகள் இதை ஒருமுறை புரட்டினால் போதும். 'இந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க மாமா' என்று கேட்பாள். மகன் வந்து சேருகிறவரை அதற்கு என்ன பதில் சொல்வது?

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பொய் நேரம் எழுதாதவர், அன்றைக்கு நான்கு எழுதினார். பொய் நேரம் எழுதுகிறவன் எப்போதும் பத்து, இருபது, முப்பது என்று உருண்டையாக எழுதி மாட்டிக்கொள்வான் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை கண்டக்டர்களை அப்படிப் பிடித்திருக்கிறார்! அதனால் 2.20, 2.31, 2.41, 2.51 என்று கொஞ்சம் பிசிறு விட்டு எழுதினார். அதன் கீழே 3.02 என்று உண்மையான நேரத்தை எழுதினார். அசலைவிட அசலாக இருந்தது.

ஐந்தரைக்கு மருமகள் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கம்ப்யூட்டரிடம்தான் வந்தாள்.

"முடிஞ்சுதா?" என்று பெரியவர் ஆவலாகக் கேட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"தொண்ணூத்திரண்டரை" என்றாள். "இன்னிக்கு யாராவது இதுல உக்காந்தாங்களா மாமா?"

"யாரு உக்காருவா? நான்தான் பக்கத்துலயே இருந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அணையப் பாக்கும். விடுவேனா? ஒடனே ஓர் ஆட்டு. எல்லாம் எழுதியும் வச்சிருக்கேன்."

நோட்டை நீட்டினார். மருமகள் அதை வாங்கிப் பக்கத்தைப் பார்த்தாள். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, அது சும்மா இருக்கும்போதுதான் அந்த வேலையச் செய்யும். காலையில அதத்தான் சொல்ல வந்தேன். பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா, வீட்டுக்காரங்க இல்லன்னு தெரிஞ்சுகிட்டு ஆரம்பிக்கும். யாராவது தொட்டா, ஆள் வந்தாச்சுன்னு மரியாதையா ஒதுங்கிடும்."

"திரை அணைஞ்சுதே?"

"திரைதான் அணையும். மெஷின் அணையாது."

"அப்ப அந்த உறுமல்?"

"அதுதான் அது வேலை செய்யற சத்தம்."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து கண் இமைக்காமல் காவல் காத்ததெல்லாம், ஒவ்வொரு தடவையும் வேலைக்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய கதைதான். நம்பி ஒப்படைத்தாளே! மூக்கு உடைபட்டதைவிட அதுதான் வலித்தது.

"நான் கெடுத்துட்டேன்" என்றார்.

மருமகள் கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திறந்தாள். எப்போது வேலையைத் தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்று அந்த இயந்திரமே நொடி வாரியாக எழுதி வைத்துக்கொள்கிற பட்டியல். மேலிருந்து படித்தாள். உதடு துடித்தது. அப்புறம் சிரித்தாள். மூன்று வாரமாகச் சிரிக்காதவள்.

"ஆரம்பம், நாலு நொடி, நிறுத்தம். ஆரம்பம், மூணு நொடி, நிறுத்தம். நாப்பத்தெட்டு தடவ மாமா! அது மூச்சு விடறதுக்குள்ள போய் நின்னிருக்கீங்க!"

"சிரிக்காதம்மா."

"இல்ல மாமா, நான் அதுக்குச் சிரிக்கல." அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "இத வச்சுப் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மறதி இருக்கிற ஆளால காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவகூட விடாம இப்படிச் செய்ய முடியாது. இத அப்படியே அச்செடுத்து வியாழக்கிழமை டாக்டர் மேஜையில போடறேன். அந்தப் படிவத்தயும் நானே கிழிச்சுடறேன். உங்களுக்கு அது தெரியும்னு எனக்குத் தெரியும்."

 இதற்குத்தானே மூன்று வாரமாக ஏங்கினார்! யாராவது ஒருவர், எதையாவது வைத்து, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டார்களா என்று. ஆறு மணிக்குள் முடியாத அந்தத் துண்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். போகட்டும். அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது.

வாசலில் சாவி திரும்பியது. மகன் வந்தான். தோளில் பை, முகத்தில் ஒரு நாள் வேலை பார்த்த களைப்பு. நன்றாகத்தான் பழகியிருந்தான். ஷூவைக் கழற்றக் குனிந்தான்.

"வாங்க, இதக் கேளுங்க" என்ற மருமகளின் குரல் பாதியில் நின்றது. அவள் பட்டியலின் நடுவில் விரலை வைத்திருந்தாள்.

"இது என்ன?"

விரலை வரி வரியாகக் கீழே இறக்கினாள்.

"ரெண்டு இருபதுக்கு ஆரம்பிச்சிருக்கு. மூணு ரெண்டுக்குத்தான் நிறுத்தியிருக்கு. நாப்பத்திரண்டு நிமிஷம் யாருமே தொடல." நோட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இப்போது அது லேபில் ரிப்போர்ட் பார்க்கிற முகம். "நோட்டுல ரெண்டு இருபது இருக்கு. முப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு, ஐம்பத்தொண்ணு எல்லாம் இருக்கு. மெஷின்ல ஒண்ணுகூட இல்ல."

"அது..." என்றார் பெரியவர்.

"கண்ணசந்துட்டீங்கன்னா பரவாயில்ல மாமா, யாருக்கும் வரும். ஆனா தூங்கின ஆளு எழுதியிருக்க முடியாதே. செய்யாத ஒண்ண செஞ்சதா எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

பெரியவர் மகனைப் பார்த்தார். இதோ, இதுதான் நேரம், சொல்லுடா என்று பார்த்தார். மகன் குனிந்த தலை நிமிரவில்லை. ஷூ கயிற்றில் அப்படியென்ன முடிச்சோ, அவிழ்த்துக்கொண்டே இருந்தான். பெரியவர் காத்திருந்தார். ஒரு பஸ்ஸுக்குக்கூட அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

"மாமா?"

சமையலறையில் இருந்தேன், உன் புருஷன் வந்தான், குழாயைத் திறந்துவிட்டவன் அவன். மூன்றே வாக்கியம். மூன்றும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. சொன்னால் படிவம் கிழியும். சொன்னால் இவன் இனி இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கமாட்டான், இவளும் படிப்பை விடுவாள். என் வாயால் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறான். வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

"ஞாபகம் இல்லம்மா" என்றார் டைம்கீப்பர்.

மருமகளின் விரல் பட்டியலிலிருந்து மெதுவாக விலகியது. அவள் கண்ணில் வந்தது கோபம் இல்லை, இரக்கம். கோபமாக இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

மகன் இப்போதுதான் நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. வாயைத் திறந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று பெரியவர் நினைத்தார்.

"வியாழக்கிழமை எனக்கு லீவு கெடைக்காது" என்றான். "ஆபீஸ்ல ஆடிட். நீயே அப்பாவக் கூட்டிட்டுப் போயிடு."

  பெற்ற பிள்ளை என்று அந்த முகத்தைப் பார்க்கவே பெரியவருக்குக் கூசியது.

"அது சரி வராது" என்றாள் மருமகள். "டாக்டர் பத்து கேள்வி கேப்பார். பெத்த பிள்ள பக்கத்துல இருக்கணும். உங்களுக்குக் கேக்கப் பயம்னா நான் கேக்கறேன்." கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "உங்க மேனேஜர் நல்ல மனுஷிதானே. அவசரத்துக்குன்னு நீங்கதான் நம்பர் குடுத்து வச்சிருக்கீங்க."

"வேணாம், வேணாம். நானே பேசிக்கறேன்."

"நீங்க பேசமாட்டீங்க."

நாள் முழுக்கக் கையுறை போட்டு வேலை செய்கிறவள், ஃபோனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசித்தான் பழக்கம். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. மகன் ஓரடி முன்னால் வந்தான். அவள் ஒரு கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஃபோன வைம்மா" என்றார் பெரியவர். "எனக்கு யாரும் வேணாம். நீ மட்டும் வந்தா போதும். வச்சுடு."

"ஒரே நிமிஷம் மாமா."

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"அடடே, சொல்லும்மா" என்றது ஒரு பெண் குரல், வாஞ்சையாக. "நானே கூப்பிடணும்னு நெனச்சேன். அவர் எப்படி இருக்கார்? வேற எடத்துல ஏதாவது கெடச்சுதா?"

ஃபோனில் அந்தக் குரல் "ஹலோ, ஹலோ" என்றது. மருமகள் மெல்லத் திரும்பினாள். கணவனைப் பார்க்கவில்லை. முதலில் மாமனாரைத்தான் பார்த்தாள்.